லாசரோவின் கண்ணும் நான் புதைத்த நாலு பதக்கங்களும்

அந்தப் பந்து உருண்டுதான் வந்தது. வேகமும் இல்லை, உயரமும் இல்லை. லாசரோ குனிந்து கையுறையை நிலத்தோடு விரித்து வைத்திருந்தான். அப்படி வந்த பந்து ஆயிரம் பிடித்திருப்பான். கடைசி அடியில் அது துள்ளியது. இடது கண்ணுக்குக் கீழே அடித்தது. எலும்பு உடைந்த சத்தம் நான் நின்ற வேலிக்கரை வரைக்கும் கேட்டது.

போன வருடம் யூன் மாதம், அந்தோனியார் திருநாளுக்கு மூன்று நாள் முன்னம். சனிக்கிழமை பின்னேரம்.

என் பெயர் அருள்நாதன். திருகோணமலைப் பக்கம், கடற்கரை ஊர். ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றது. மொன்றியலுக்கு வந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. கார்ட்டியர்வில்லில் இருக்கிறோம். கூட்டத்தில் எழும்பிப் பேச எனக்கு வராது. செபக்குழுவில் மூன்று முறை சாட்சி சொல்லக் கேட்டீர்கள். மூன்று முறையும் தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன். அதனால் எழுதித் தருகிறேன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள். நடந்ததை மட்டும் திருத்த வேண்டாம்.

பதினாறு வருடம் உணவகக் குசினிகளில் கோப்பை கழுவினேன். பிறகு இடுப்பு, நாரி, விட்டுப்போனது. ஒரு வருடம் வீட்டில் கிடந்தேன். என் மனைவி றீற்றா தையல் ஆலையில் உழைத்துத்தான் சாப்பிட்டோம். வேலை வேண்டுமென்று செபித்தேன். ஆண்டவர் ஒரு பேஸ்போல் மைதானத்தில் தந்தார். மண் வாருவது, தண்ணீர் விடுவது, கோடு போடுவது. நிமிர்ந்து நின்று செய்கிற வேலை. நாரி தாங்கியது.

பேஸ்போல் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. செம்மண் தரை ஒன்று. அதற்கு நாலு மூலை. அடிக்கிறவன் ஒரு மூலையில் நின்று அடித்துவிட்டு மற்ற மூன்று மூலையையும் சுற்றி ஓடிவர வேண்டும். இரண்டாம் மூலைக்கும் மூன்றாம் மூலைக்கும் நடுவில் ஒருவன் நிற்பான். ஷோட் ஸ்டொப் என்பார்கள். நிலத்தோடு வருகிற பந்து அதிகம் அவனிடம்தான் வரும். மண் சமமாக இருந்தால் பந்து சொன்ன சொல் கேட்கும். ஒரு கல் கிடந்தால் கேட்காது.

எங்கள் அணியின் ஷோட் ஸ்டொப் லாசரோ. கியூபாக்காரன்.

பெரிய அணி இல்லை. கோடைக்கு மட்டும் சம்பளத்துக்கு விளையாடுகிறவர்கள். மேலே ஏறப் பார்க்கிற பொடியன்கள் பாதி. மேலே போய் இறங்கி வந்தவர்கள் பாதி. லாசரோ இறங்கி வந்தவன். மற்றவர்கள் வருவதற்கு ஒரு மணித்தியாலம் முன்னம் வருவான். தான் நிற்கிற இடத்தைச் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நடந்து பார்ப்பான். காலில் பட்ட சின்னக் கல்லை எடுத்து என் கையில் தருவான். சிரிப்பான். என் பிரெஞ்சும் அவன் பிரெஞ்சும் ஒரே அளவு உடைந்தவை. அதனால் அதிகம் கதைக்கவில்லை. அது இரண்டு பேருக்கும் வசதியாக இருந்தது.

கதைத்தது றீற்றாதான். தையல் ஆலையில் அவள் பக்கத்து மெசின்களில் எல்லாரும் ஸ்பானிய மொழிக்காரிகள். பன்னிரண்டு வருடத்தில் அவளும் அதைப் பிடித்துவிட்டாள். "முதல் படிச்சது திட்டுற பேச்சுத்தான். பேந்துதான் வணக்கம் சொல்லப் படிச்சனான்" என்பாள். லாசரோ வந்த முதல் கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். சோறும் மீன் குழம்பும். உறைப்பில் கண்ணீர் வடிய இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டான். அன்று தன் கதையைச் சொன்னான். றீற்றா தமிழில் சொன்னாள்.

கரும்பு ஆலை உள்ள ஊர். சின்னனில் கையுறை வாங்க வழியில்லை. அட்டைப் பெட்டியை மடித்துக் கையில் கட்டிப் பந்து பிடித்தான். மாகாண அணிக்குப் போனான். இருபத்துமூன்று வயதில் வெளிநாட்டில் ஆடப் போன இடத்தில் அணியை விட்டு ஓடினான். அப்படி ஓடியவன் பல வருடம் திரும்பி ஊருக்குப் போக முடியாது. தாய் செத்த வீட்டுக்கும் போகவில்லை. அமெரிக்காவில் சின்ன ஊர்களில், பஸ்ஸில் படுத்து எழும்பி விளையாடினான். ஒரே ஒரு தரம் மேலே, பெரிய அணிக்கு, கூப்பிட்டார்கள். பதினொரு நாள். பிறகு கீழே. பிறகு வேண்டாம் என்றார்கள். மெக்சிகோவில் மூன்று வருடம். கடைசியாக இங்கே. அப்போது முப்பத்துநாலு வயது. இந்த விளையாட்டில் அது கிழட்டு வயது.

"கால் போச்சுதாம்" என்று றீற்றா சொன்னாள். "தோளும் போச்சுதாம். கை மட்டும் போகேல்லையாம். கண் பாக்க முதல் கை போய்ப் பந்தைப் பிடிக்குமாம்."

லாசரோ இரண்டு உள்ளங்கையையும் மேசையில் விரித்துக் காட்டினான். என் அம்மா செத்ததற்கும் நான் போகவில்லை. அதை நான் சொல்லவில்லை. றீற்றா சொன்னாள். அவன் எழும்பி வந்து என் தோளில் கை வைத்தான். எர்மானோ என்றான். சகோதரன் என்று அர்த்தமாம். அன்றிலிருந்து என்னை அப்படித்தான் கூப்பிட்டான்.

அந்தக் கோடை முடியும்போது எங்கள் அணியில் ஒருவனுக்குக் கால் முறிந்தது. எனக்குப் பயம் வந்தது. எங்கள் ஊரில் வீட்டுக்கு அத்திவாரம் வெட்டினால் கோயில் சுவாமி வந்து தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். நாலு மூலையிலும் புனிதருடைய பதக்கம் போட்டு மண் மூடுவோம். எங்கள் வீட்டுக்கு அப்பா போட்டார். சுனாமியில் கடல் வீட்டுக்குள் வந்த அன்றைக்கும் அந்த நாலு மூலையும் நின்றது. ஊர்த் திருநாளில் மந்திரித்து அக்கா அனுப்பிய அந்தோனியார் பதக்கம் நாலு என்னிடம் இருந்தது. பித்தளை. தடித்தவை. மீன்பிடி வள்ளத்தில் காவலுக்கு ஆணி வைத்து அறைகிறவை.

ஒக்டோபரில் மைதானத்தைப் பூட்டுகிற கிழமை. யாரும் இல்லை. நாலு மூலையிலும் நாலு விரல் ஆழத்தில் புதைத்தேன். இரண்டாம் மூலைக்குரியதை மட்டும் மூலையில் வைக்கவில்லை. லாசரோ நிற்கிற இடத்துக்குத் தள்ளி வைத்தேன். அவன் மேலிருந்த பாசத்தில் செய்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பரலோக மந்திரம், ஒரு அருள் நிறைந்த மந்திரம். மண்ணை மூடி மிதித்துவிட்டு வீட்டுக்குப் போனேன். ஒருவரிடமும் கேட்கவில்லை. சொல்லவும் இல்லை.

ஏப்ரலில் பனி கரைந்ததும் என்னுடைய மேலாள் செர்ஜ் வாளி தந்து கல் பொறுக்கச் சொன்னார். போன வருடம் பொறுக்கிய இடத்திலேயே மறுபடி கல். லொறி மண்ணோடு வந்திருக்கும் என்று நினைத்தேன். வேறொன்றும் நினைக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை பந்து முகத்தில் அடித்ததும் எல்லாரும் லாசரோவிடம் ஓடினார்கள். தூக்கிக்கொண்டு போனார்கள். மண்ணில் இரத்தம். அதை மூடுவது என் வேலை. மண் வாரியோடு போனேன். இரத்தத்துக்கு ஒரு முழம் முன்னால் மண்ணுக்குள் இருந்து மஞ்சளாக ஒரு விளிம்பு நிமிர்ந்து நின்றது. குனிந்து தொட்டேன். அந்தோனியார். விளிம்பு புதிதாக நெளிந்திருந்தது.

அதைப் பொத்திப் பிடித்தேன். காற்சட்டைப் பைக்குள் போட்டேன். மண்ணை வாரிச் சமப்படுத்தினேன். ஆட்டம் தொடர்ந்தது.

நான் செய்த பாவம் அது. புதைத்தது மடமை. பைக்குள் போட்டது பாவம்.

அடுத்த நாள் விடிய எல்லாருக்கும் முன்னம் போய்த் தோண்டினேன். முதல் மூலையில் இருந்தது. அடிக்கிறவன் நிற்கிற மூலையில் இருந்தது. இரண்டையும் எடுத்தேன். மூன்றாம் மூலையில் இல்லை. கையால் தோண்டினேன், கரண்டியால் தோண்டினேன். இல்லை. பூசைக்கு நேரமாகிவிட்டது. மூடிவிட்டுப் போனேன்.

பூசை முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். லாசரோவின் கண்ணைச் சுற்றிய எலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்றான். ஆறு கிழமை, ஒன்றரை மாதம், போகாமல் ஒன்றும் சொல்ல முடியாது என்று வைத்தியர் சொன்னார். கதிரையில் இருந்து நான் அவன் கையைப் பிடித்தேன். அவன் மற்றக் கண்ணால் பார்த்தான். எர்மானோ என்றான். என்னால் அந்தக் கண்ணைப் பார்க்க முடியவில்லை.

அன்றிலிருந்து செபித்தேன். நேர்த்தி வைத்தேன். செவ்வாய்க்கிழமைகளில் ஒருநேரச் சாப்பாடு. றீற்றாவும் சேர்ந்து செபமாலை சொன்னாள். அவன் கண்ணுக்காக என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியும். நான் கேட்டது இதுதான். ஆண்டவரே, அவன் கண்ணைக் கொடும். நான் இதைச் சொல்லாமல் இருக்க விடும். இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டேன். வெட்கப்படவில்லை.

ஒவ்வொரு ஆட்டத்திலும் மூன்றாம் மூலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தப் பக்கம் பந்து உருண்டால் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொள்வேன். ஒரு மதியம் தாங்க முடியாமல் தமிழ்ப் பூசைக்குப் பிறகு சுவாமியிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். அவர் என்னைவிட இளையவர். முழுவதும் கேட்டார்.

"அண்ணை, பாவமன்னிப்பு நான் தரலாம்" என்றார். "மண்ணுக்குள்ள கிடக்கிறதை நான் எடுத்துத் தரேலாது."

அவ்வளவுதான். எனக்குக் கோபம் வந்தது. எழும்பி வந்துவிட்டேன். இன்னும் ஒரு கிழமை சும்மா இருந்தேன்.

ஆறாவது கிழமை கண் சுகமானது. ஒன்று ஒன்றாகவே தெரிந்தது. விளையாடலாம் என்று வைத்தியர் எழுதிக் கொடுத்தார். நான் முழங்காலில் விழுந்து நன்றி சொன்னேன். கேட்டது கிடைத்தது. சொல்ல வேண்டி வரவில்லை. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. லாசரோ பயிற்சிக்கு வந்தான். பந்து உருட்டினார்கள். பந்து கிட்ட வர முதலே அவன் முகம் மற்றப் பக்கம் திரும்பியது. கால்களுக்கு நடுவால் பந்து போனது. மறுபடி உருட்டினார்கள். மறுபடி முகம் திரும்பியது. பொடியன்கள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவன் கையுறையைக் கழற்றித் தன் கையைப் பார்த்தான். யாருடைய கையோ என்று பார்ப்பதுபோலப் பார்த்தான்.

வெள்ளிக்கிழமை. தண்ணீர்க் குழாயைச் சுருட்டிக்கொண்டு இருக்கும்போது செர்ஜ் சொன்னார்.

"திங்கட்கிழமை கியூபாக்காரனை அனுப்பப் போகினம்."

"ஏன்? கண் சரிதானே?"

"கண் சரி. கை முடிஞ்சுது. சும்மா உருண்டு வந்த பந்தை முகத்தில வாங்கினவன். வயசு வந்தா அப்பிடித்தான். முகாமையாளர் அண்டைக்கே சொன்னவர்."

அவனுடைய வேலை அனுமதி அந்த அணியோடு கட்டியது. அணி விட்டால் நாட்டை விட்டுப் போக வேண்டும். கை முடிந்தவன் என்ற பெயரோடு போனால் வேறு அணி எடுக்காது. பன்னிரண்டு வருடம் அந்தக் கையை வைத்துத்தான் அவன் பிழைத்தான். அந்தக் கை பிழை செய்யவில்லை என்று உலகத்தில் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

வீட்டுக்கு வந்தேன். பதக்கங்களைக் குசினி மேசையில் வைத்தேன். நெளிந்ததை நடுவில் வைத்தேன். றீற்றாவிடம் சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் தொடர்ந்து நான் கதைத்ததில்லை. அவள் அடுப்பை நிற்பாட்டிவிட்டு வந்து இருந்தாள்.

"எத்தினை புதைச்சனீங்கள்?"

"நாலு."

"இஞ்ச மூண்டெல்லோ கிடக்கு?"

"ஒண்டைக் காணேல்லை. இன்னும் மண்ணுக்க."

அவள் என்னைப் பார்த்தாள். "துலைஞ்ச சாமானைத் தேடித் தாறவர் அந்தோனியார். அவரையே துலைச்சுப்போட்டு நிக்கிறீங்கள்."

சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது. "ஆறு கிழமையா என்னோட இருந்து செபமாலை சொன்னீங்களே. ஒரு நாள் வாயத் திறக்கத் தோணேல்லையா?"

"வேலை போயிடும் எண்டு பயந்தனான்."

"போகட்டும். போன வேலையை முந்தியும் பாத்தனாங்கள்தானே. நாளைக்குக் காலமை வெளிக்கிடுங்கோ."

"எங்க?"

"எங்கயோ? இல்-பிசாருக்குத்தான்."

லாசரோவுக்கு அணி இடம் எடுத்துக் கொடுத்தது இல்-பிசாரில். தனியாக இருக்கிற ஒரு வெள்ளைக்கார அம்மாவின் வீட்டில் ஒரு அறை. அங்கே பஸ் குறைவு. சனிக்கிழமை இன்னும் குறைவு. இரண்டு பஸ் மாறினோம். இறங்கிக் கனதூரம் நடந்தோம். பெரிய வீடுகள், பெரிய புல்வெளிகள், ஒரு மனிதரும் இல்லை. றீற்றா ஒரு கையில் வீட்டில் பொரித்த றோல்ஸ் பெட்டி வைத்திருந்தாள்.

"இதை ஏன் கொண்டுவாறாய்?" என்றேன்.

"செத்த வீட்டுக்கும் வெறுங்கையோட போறேல்லை" என்றாள்.

அவன் வீட்டுக்குப் பின்னால் நின்றான். கராஜ் சுவரில் பந்தை எறிந்து, திரும்பி வருவதைப் பிடிக்கப் பார்த்துக்கொண்டு இருந்தான். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து எறிந்தான். பந்து திரும்பும் ஒவ்வொரு முறையும் முகம் திரும்பியது. புல்லெல்லாம் பந்து.

எங்களைக் கண்டதும் சிரித்தான். றீற்றாவைக் கட்டிப்பிடித்தான். நான் நெளிந்த பதக்கத்தை அவன் கையில் வைத்தேன். றீற்றாவைப் பார்த்தேன். "நான் சொல்லச் சொல்லச் சொல்லு. ஒண்டும் குறைக்காத" என்றேன்.

சொன்னேன். புதைத்தது. பனி. பந்து. பைக்குள் போட்டது. மற்றது இன்னும் மண்ணுக்குள் கிடப்பது. நான் ஒரு வசனம், அவள் ஒரு வசனம். ஓரிடத்தில் அவள் நிறுத்தினாள். பைக்குள் போட்ட இடம். "இதையும் சொல்லவோ?" என்று கேட்டாள். ஓம் என்றேன். சொன்னாள்.

அவன் பதக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நெளிந்த விளிம்பைப் பெருவிரலால் தடவினான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்தால் நிற்பது என்று முடிவெடுத்துத்தான் போயிருந்தேன்.

ஏதோ கேட்டான். றீற்றா சொன்னாள்: "பந்து இதிலதான் பட்டதோ எண்டு கேக்கிறார். நிச்சயமோ எண்டு."

"நிச்சயம்."

மறுபடி கேட்டான். "அப்ப என்ர கை பிந்தேல்லையோ?"

"இல்லை. கை சரியான இடத்தில இருந்தது. நான் பாத்தனான்."

அவன் புல்லில் இருந்துவிட்டான். இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். முப்பத்தைந்து வயது ஆம்பிளை, தோள் குலுங்க அழுதான். நான் அவன் கண்ணைக் கெடுத்ததற்காக அழுகிறான் என்று நினைத்தேன். றீற்றாவும் அழுதுகொண்டுதான் சொன்னாள். "ஆறு கிழமையா தன்ர கை செத்துப்போச்சு எண்டு நினைச்சாராம். கண்ணைவிட அதுதானாம் பயம். ஏன் இவ்வளவு நாள் சொல்லேல்லை எண்டு கேக்கிறார்."

"பயம்" என்றேன். அந்தச் சொல்லை அவள் மொழிபெயர்க்க முதலே அவனுக்கு விளங்கியது.

அவன் உடனே மன்னிக்கவில்லை. அதையும் எழுதுகிறேன். அன்று என்னை எர்மானோ என்று கூப்பிடவில்லை. றோல்ஸைச் சாப்பிட்டான். பதக்கத்தைத் தன் பைக்குள் வைத்தான். "திங்கட்கிழமை நீ வந்து சொல்" என்றான்.

திங்கட்கிழமை காலை அவனைக் கூப்பிட்ட அறைக்குள் நானும் போனேன். முகாமையாளர், செர்ஜ், லாசரோ. றீற்றா லீவு எடுத்துக்கொண்டு வந்து வெளியில் நின்றாள். இந்த முறை அவளைக் கூப்பிடவில்லை. மற்ற இரண்டு பதக்கத்தையும் மேசையில் வைத்தேன். லாசரோ நெளிந்ததைப் பக்கத்தில் வைத்தான். எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன்.

"நான். இதை நான் புதைச்சன். பந்து இதில பட்டது. அவன்ர கை இல்லை. நான்."

முகாமையாளர் நெளிந்ததை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். செர்ஜின் முகம் சிவந்தது.

"என்ர மண்ணுக்க பித்தளையோ?" என்று கத்தினார். "இஞ்ச குளிருக்கு மண் வீங்கும். உள்ள கிடக்கிறது எல்லாத்தையும் மேல தள்ளும். ஒவ்வொரு வசந்தத்துக்கும் கல் ஏன் பொறுக்கிறம் எண்டு நினைச்சாய்? ஒரு வார்த்தை என்னைக் கேட்டியா?"

கேட்கவில்லை. எங்கள் ஊரில் புதைத்தது புதைத்த இடத்தில் கிடக்கும். இங்கே கிடக்காது. இருபது குளிர்காலம் பார்த்தும் அது எனக்குத் தெரியவில்லை.

"இன்னுமொண்டு இருக்கு" என்றேன். "மூண்டாம் மூலையில."

செர்ஜ் அரிதட்டை எடுத்து வந்தார். நாலு பேரும் முழங்காலில் இருந்து மூன்றாம் மூலை மண்ணை அரித்தோம். முகாமையாளரும் சட்டைக் கையை மடித்துவிட்டு இருந்தார். ஒரு மணித்தியாலம். அது இல்லை. றீற்றா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று வாய்க்குள் செபித்தாள். செர்ஜ் எழும்பிக் கொட்டிலுக்குப் போனார். திரும்பி வரும்போது இரும்பு வலைப் பாயை இழுத்துக்கொண்டு வந்தார். மண்ணைச் சமப்படுத்த வண்டிக்குப் பின்னால் கட்டி இழுக்கிற பாய் அது. என் காலடியில் போட்டார்.

வலையின் ஓரக் கண்ணியில் பதக்கத்தின் வளையம் கொளுவிக் கிடந்தது. வசந்தத்தில் மண் மேலே தள்ளியதைப் பாய் பிடித்திருக்கிறது. ஒவ்வொரு நாளும் அந்தப் பாயை நான்தான் கழுவாமல் தூக்கிக் கொளுவினேன். ஆறு கிழமை நான் பயந்த இடத்தில் ஒன்றுமே இருக்கவில்லை.

செர்ஜுக்கு முதல் முறையாகச் சிரிப்பு வந்தது. "உன்ர சாமி உன்னைவிடக் கவனமா இருந்திருக்கிறார்" என்றார். பிறகு மறுபடி கோபமானார்.

முகாமையாளர் லாசரோவைப் பார்த்தார். "சரி. போய் நில்" என்றார். மட்டையை எடுத்தார்.

லாசரோ தன் இடத்துக்குப் போனான். நின்றான். நிலத்தைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்துக் கையைக் காட்டினான். மண்ணைக் காட்டினான். வா, வாரு என்கிறான்.

வாரியை எடுக்கவில்லை. முழங்காலில் இருந்து உள்ளங்கையால் தடவினேன். அவன் நிற்கிற இடம் முழுக்க. ஒரு சாண் விடாமல். சின்னக் கல் இரண்டு வந்தது. எடுத்து அவன் கையில் கொடுத்தேன். முன்னம் அவன் எனக்குத் தந்தது போல. அவன் அதை வேலிக்கு வெளியே எறிந்தான்.

முதல் பந்து. முகம் திரும்பியது. பந்து போனது.

இரண்டாவது. போனது.

முகாமையாளர் மட்டையை இறக்கினார். லாசரோ என்னைப் பார்த்துக் கேட்டான். ஒரு கேள்விதான். றீற்றா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கத்தினாள்: "ஒண்டும் இல்லையே எண்டு கேக்கிறார்!"

"ஒண்டும் இல்லை" என்றேன். "சத்தியமா இல்லை."

அவள் அதை ஸ்பானிய மொழியில் கத்தினாள். அதோடு தையல் ஆலையில் படித்த முதல் பாடத்தையும் சேர்த்தாள் போல. லாசரோ வாய்விட்டுச் சிரித்தான். சிரித்துக்கொண்டே குனிந்தான்.

மூன்றாவது பந்து. முகம் திரும்பவில்லை. கண் பார்க்க முதல் கை போனது.

நாற்பது பந்துக்கு மேல் அடித்தார். நான் எண்ணவில்லை. செர்ஜ்தான் பிறகு சொன்னார். நாலை விட்டான். மிச்சமெல்லாம் பிடித்தான். முகாமையாளர் மட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு அறைக்குப் போனார். லாசரோவை அனுப்ப மேசையில் எழுதி வைத்திருந்த கடிதத்தைக் கிழித்துக் கூடைக்குள் போட்டார்.

எனக்கு இரண்டு கிழமை வேலை நிறுத்தினார்கள். நீதிதான். செர்ஜ் ஒரு மாதம் வேலையைத் தவிர வேறொன்றும் கதைக்கவில்லை. லாசரோ அந்தக் கோடை முடியும்வரை விளையாடினான். முகத்துக்கு ஒரு காப்பு மாட்டிக்கொண்டு விளையாடினான். பிழையும் விட்டான். முப்பத்தைந்து வயதுக்குரிய பிழை. அதற்கு அவன் முகம் வாடவில்லை. தன் பிழை எது, தன் பிழை இல்லாதது எது என்று தெரிந்த முகம் அது. கடைசி ஆட்டம் முடிந்த பின்னேரம் நான் கோட்டை அழித்துக்கொண்டு இருந்தேன். பின்னால் வந்து தோளில் கை வைத்தான். எர்மானோ என்றான்.

குளிர்காலம் மெக்சிகோவில் விளையாடினான். இந்த வசந்தத்தில் திரும்பி வந்திருக்கிறான். இனி விளையாடுவதோடு மற்றவர்களுக்கு நிலத்துப் பந்து பழக்குவதும் அவன் வேலை. நெளிந்த பதக்கத்தை அவன் திருப்பித் தரவில்லை. றீற்றா அவன் தொப்பிக்குள் அதை வைத்துத் தைத்துக் கொடுத்தாள். மற்ற மூன்றும் எங்கள் வீட்டில் செபிக்கிற இடத்தில் இருக்கின்றன. மண்ணுக்கு வெளியே.

நான் படித்தவன் இல்லை. விளங்கியதைச் சொல்கிறேன். அவன் கண்ணைக் கொடும், என் வாயைக் கட்டும் என்று கேட்டேன். ஆண்டவர் கண்ணைக் கொடுத்தார். வாயைக் கட்ட மறுத்தார். மறுத்ததும் பதில்தான். கண்ணை வைத்தியரும் ஆண்டவரும் சுகமாக்கினார்கள். கையைச் சுகமாக்கிற மருந்து என் வாயில் இருந்தது. அதை ஆறு கிழமை பைக்குள் போட்டுக்கொண்டு திரிந்து, ஒவ்வொரு நாளும் மருந்து கேட்டுச் செபித்தேன்.

இப்போது றீற்றாவிடம் அன்றன்று நடந்ததை அன்றன்றே சொல்கிறேன். "வாய் திறந்தாப் பிறகு மூடத் தெரியேல்லை" என்று அவள் பகிடி பண்ணுகிறாள்.

இதை வாசிக்கிற சகோதரர்களே, சகோதரிகளே. நீங்களும் எதற்காகவோ செபித்துக்கொண்டு இருப்பீர்கள். விடாமல் செபியுங்கள். அவர் கேட்கிறார். ஆனால் உங்கள் பைக்குள் ஏதாவது கிடக்கிறதா என்று ஒரு தரம் கையை விட்டுப் பாருங்கள். கிடந்தால் எடுத்து மேசையில் வையுங்கள். பயமாகத்தான் இருக்கும். பயத்தோடு வையுங்கள். மிச்சத்தை அவர் பார்ப்பார். எனக்குப் பார்த்தார்.

போன கிழமை பனி கரைந்து முடிந்தது. செர்ஜ் வாளியைத் தந்தார். முழங்காலில் இருந்து கல் பொறுக்கினேன். இரண்டு வாளி வந்தது. லாசரோ சப்பாத்தைக் கழற்றிவிட்டு எனக்குப் பின்னால் நடந்து வந்தான். இந்த நாட்டு மண் எதையும் ஒளித்து வைக்காது. எனக்கு இப்போது அது பயமில்லை.